கோலார்க் கணக்கு

மாமா ஏழு என்ற எண்ணை எழுதும்போது அதன் இடுப்பில் ஒரு சிறு குறுக்குக் கோடு போடுவார். சிறுவயதில் அவருக்கு எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த ஜெர்மன் பாதிரியாரிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் அது. சென்னையில் நான் வேலை பார்த்த கல்லூரிக்குத் திங்கட்கிழமைகளில் அவரிடமிருந்து ஒரு கார்டு வரும். சுரங்கத்தில் எத்தனையாவது லெவல், எந்தத் துளை, தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று மூன்று பத்தியாகக் கட்டம் கட்டி எழுதியிருப்பார். மிஞ்சிய இடத்தில் அக்காவுக்கு இருமல் தேவலை, பிள்ளைகள் சுகம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நெருக்கி எழுதி முடிப்பார். முதல் வகுப்புக்குப் போகும் வழியில் அந்தக் கார்டைப் படித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். வாரம் முழுவதும் நான் பார்த்த வேலையில் உயிருள்ளதாக எனக்குப் பட்டது அந்தக் கார்டு ஒன்றுதான்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கோலார் தங்கச் சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீப்ஸுக்குப் பக்கத்தில், கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாகத் தற்காலிகத் தலைமை ஆசிரியராக இருந்தார். 'தற்காலிகம்' என்ற சொல்லை எட்டு வருஷம் இழுப்பது நம் கமிட்டிகளால் மட்டுமே முடிகிற காரியம். பி.ஏ.வுக்கு முந்தின எப்.ஏ. வரை படித்தவர். பி.ஏ. தேறினால் வேலை நிலைக்கும், தலைமை ஆசிரியருக்கென்று இருந்த ஓட்டு வீட்டிலேயே குடும்பம் இருக்கலாம். தேறாவிட்டால் சென்னையிலிருந்து ஒரு பட்டதாரியைக் கொண்டுவருவார்கள், இவர் அவருக்குக் கீழே உட்கார வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் கல்லூரிக்குப் போகாமலே பரீட்சை எழுதலாம் என்ற சலுகை அந்நாளில் இருந்தது. மாமா இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தவறியிருந்தார். அறிவுக் குறைவால் அல்ல. ஒரு கேள்விக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுவார், மற்றதற்கு நேரம் இருக்காது. வகுப்பிலும் அப்படித்தான். பெருத்த உடம்பு, எப்போதும் வியர்வை, எதையும் பாதியில் விடத் தெரியாத மனிதர்.

என் கதை அதைவிடச் சுருக்கமானது. கல்லூரியில் நான் பௌதிக விஞ்ஞானத்துக்கு உதவி ஆசிரியன். ஒவ்வொரு வருஷமும் அதே நோட்டை எடுத்து அதே வரிகளைச் சொல்ல, பையன்கள் அதே வேகத்தில் எழுதுவார்கள். கரும்பலகையைத் துடைப்பதற்குள் மணி அடித்துவிடும். மூன்றாம் வருஷத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. ஐரோப்பாவில் பேராசிரியர்கள் தாங்கள் கண்டுபிடித்ததையே வகுப்பில் சொல்கிறார்கள், பையன்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்று பத்திரிகைகளில் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். பிரின்சிபாலிடம் ஒரு தடவை இதைப் பேசிப் பார்த்தேன். பாடம் சொல்லத்தான் உமக்குச் சம்பளம், பாறையைத் தோண்டுவதென்றால் லீவில் போய்த் தோண்டும் என்றார். அவர் கேலியாகச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இத்தனை அடிக்கு ஒரு டிகிரி என்று எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு இருந்தது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருந்த சுரங்கங்களில் பார்த்து எழுதியது. உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் சில நம் ரயில் போகிற தூரத்தில் இருக்கும்போது, அங்கே என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. கோடை விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவாமலே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் ஒரு சுரங்கத்துக்குப் பொறுப்பான, கேப்டன் என்று எல்லாரும் சொல்லும் வெள்ளைக்காரரிடம் போய் அனுமதி வாங்கிவிட்டார். அந்தக் கேப்டனின் சமையல்காரர் பிள்ளை மாமாவிடம் படித்துக்கொண்டிருந்தான்.

முறை எளிதானது. பாறையில் கை நீளத்துக்கு ஒரு துளை போட்டு, துளை போட்ட சூடு ஆறும்வரை சில நாள் விட வேண்டும். பிறகு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் களிமண்ணால் அடைத்து ஒரு வாரம் கழித்து எடுக்க வேண்டும். டாக்டர்கள் வைத்திருப்பது போல, ஏறிய பாதரசம் தானாக இறங்காத வகை அது, உதறினால்தான் இறங்கும். அதனால் மேலே கொண்டுவந்தும் படிக்கலாம். நான் விடுமுறைக்கு மட்டும் வருபவன். வருஷம் முழுவதும் பார்க்க வேண்டியவர் மாமாதான். ஆனால் வேலை நடக்கிற நேரத்தில் வாத்தியார் கீழே இறங்கக் கூடாது என்று கேப்டன் சொல்லிவிட்டதால், தெர்மாமீட்டரை வைப்பதும் எடுப்பதும் ஒரு மேஸ்திரியின் பொறுப்பாயிற்று. ஷிப்ட் முடிந்து அவர் மேலே வரும்போது மாமா ஷாப்ட் என்ற சுரங்கக் கிணற்றின் வாயில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருப்பார்.

அந்த மேஸ்திரி குடியாத்தம் பக்கத்துக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மகள் மாமாவின் பள்ளியில் முதல் வகுப்பு. வாத்தியாரிடம் அவருக்கு இருந்த மரியாதையைக் கண்டு நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். எதற்காக இந்தக் கண்ணாடிக் குச்சியைப் பாறைக்குள் வைக்கிறோம் என்று மாமா அவருக்கு ஒரு நாள் உட்கார வைத்து முழுசாக விளக்கியிருந்தார். கீழே போகப் போகச் சூடு ஏறும், எவ்வளவு ஆழத்தில் எந்தக் கோடு வரை ஏறும் என்று புத்தகம் சொல்கிறது, அது இங்கேயும் சரிதானா என்று பார்க்கிறோம் என்று. மாமாவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா.

முதல் வருஷத்து அளவுகள் அற்புதமாக வந்தன. ஒவ்வொரு லெவலிலும் புத்தகம் சொன்னபடியே, ஒரு டிகிரி முன்னே பின்னே. நான் துள்ளிக் குதிக்காத குறைதான். அந்த வருஷம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, நோட்டை மூடி வைத்துவிட்டுக் கார்டுகளை எடுத்துப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். கோலாரில் நாமே அளந்து பார்த்தோம், புத்தகம் சரி என்றேன். பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கண்ணில் நான் அன்று ஒரு வாத்தியாராக இல்லாமல் ஒரு விஞ்ஞானியாக இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் போல என் உத்தியோகத்தில் பிறகு வேறொன்று வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமாவிடமிருந்து கார்டுக்குப் பதிலாக ஒரு கனமான கவர் வந்தது. மேஸ்திரி கொண்டுவந்து கொடுத்த தெர்மாமீட்டரின் அடியில் ஒரு சொட்டு மெழுகு உறைந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். என்னப்பா இது என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி கொஞ்சமும் மறைக்கவில்லை. அவர் சொன்னதை மாமா வார்த்தை மாறாமல் எழுதியிருந்தார்: "அது இன்னாமோ கம்மியாவே காட்டிக்கினு இருந்திச்சுங்க வாத்தியாரய்யா. நீங்க சொன்ன அளவு வரவே இல்ல. வாத்தியார் சொன்னது பொய்யாப் போயிடக் கூடாதேன்னுதான் மெழுகுவத்தில கொஞ்சம் காட்டினேன். கீழ் லெவல்னா கொஞ்சம் ஜாஸ்தி நேரம். இன்னா, தப்புங்களா?"

எந்த லெவலில் எந்தக் கோட்டில் பாதரசம் நிற்க வேண்டும் என்பதை மாமா சொன்ன பாடத்திலிருந்தே அவர் மனத்தில் குறித்து வைத்திருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்து வேலை அத்தனையும் பாழ். மாமா கவரின் கடைசியில் எழுதியிருந்தார்: தப்பு அவன் மேல் இல்லை மச்சான், விடை இன்னதென்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டது என் தப்பு. எல்லாத் துளையையும் மறுபடி பார்க்கிறேன், இந்தத் தடவை நானே இறங்குகிறேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வருஷக் கோடையில் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவ்வளவு சிரமம் எதற்கு, எல்லா அளவுமா தப்பாக இருக்கும், மேல் லெவல் அளவுகளையாவது வைத்துக்கொள்ளலாமே என்று மாமாவிடம் மெல்லப் பேச்சைப் போட்டுப் பார்த்தேன். புத்தகத்தோடு ஒத்துப்போகிற அளவுகளைக் கைவிட எனக்கு மனசில்லை. வகுப்பில் வேறு சொல்லிவிட்டேன். மாமா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "மெழுகுவத்தியோட சூட்டை அளந்துட்டு பாறையோட சூடுன்னு எப்படி மச்சான் சொல்றது?" என்றார்.

அவர் கேப்டனிடம் கெஞ்சிச் சனிக்கிழமை பிற்பகல்களில் மட்டும் கீழே இறங்க அனுமதி வாங்கினார். அவருக்குக் கூண்டைக் கண்டால் பயம். கேஜ் என்று எல்லாரும் சொல்லும் அந்த இரும்புக் கூண்டு மேலிருந்து விடப்பட்டதும் கால் தரையில் இல்லாதது போல இருக்கும், நானும் போயிருக்கிறேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, அடிவரை போய்ச் சேரும்மட்டும் ஞானப்பாட்டு பாடிக்கொண்டே இறங்குவாராம். கூட வருகிறவர்கள் இந்துக்கள், அவர்களும் பழகிப் போய்ச் சேர்ந்து பாடினார்களாம். அந்தப் பெருத்த உடம்போடு ஏணி ஏறி, தண்ணீர் சொட்டும் லெவல்களில் குனிந்து நடந்து, மெழுகுவத்தியைத் தூரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, களிமண்ணைத் தானே பிரித்துப் படிப்பார். மேஸ்திரிக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் வாத்தியாரை விட்டு ஒரு சனிக்கிழமையும் அவர் அகலவில்லை.

இரண்டாம் வருஷத்து அளவுகள் புத்தகத்தோடு சேரவில்லை. சூடு ஏறியது, ஆனால் புத்தகம் சொன்ன வேகத்தில் அல்ல, அதைவிட மிக மெதுவாக. நான் நம்பவில்லை. காற்றோட்டத்தால் பாறை ஆறியிருக்கும், காற்று வராத மூலையில் துளை போடுங்கள் என்று எழுதினேன். போட்டார். நனைந்த பாறையாக இருக்கும், உலர்ந்த இடம் பாருங்கள் என்றேன். பார்த்தார். இரண்டு தெர்மாமீட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றை ஒன்று சோதித்தார். எத்தனை விதமாகக் கேட்டாலும் பாறை ஒரே பதிலைத்தான் சொன்னது. கடைசியில் நானும் ஒத்துக்கொண்டேன். எங்களுக்குள் அதற்குக் 'கோலார்க் கணக்கு' என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

அந்த உற்சாகத்தில் மாமாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்வது படிப்பு அல்ல, தன் கண்ணால் பார்த்ததை யார் கேட்டாலும் எங்கே கேட்டாலும் தயங்காமல் சொல்வதுதான் படிப்பு என்று வாய்க்கு வந்த வீரத்தையெல்லாம் அதில் கொட்டினேன். அக்கா பிறகு சொன்னாள், அதை அவர் பைபிளுக்குள் வைத்திருந்தாராம். ஆனால் அந்தக் கணக்கை அச்சில் போட மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம், இன்னும் ஆழத்தில் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வகுப்பில் பழைய நோட்டையே சொன்னேன். முந்தைய வருஷம் மெழுகுவத்திச் சூட்டைப் பாறைச் சூடு என்று சொன்னதைத் திருத்தவும் இல்லை. பரீட்சைக்குப் புத்தகக் கணக்குதானே வேண்டும், பையன்களைக் குழப்புவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் சர்வகலாசாலையில் என்னை உதவிப் பரீட்சகனாகப் போட்டார்கள். நம்மவர்களுக்கு அது எளிதில் கிடைக்காத கௌரவம். வேண்டியவர் யாராவது பரீட்சை எழுதுகிறார்களா என்று கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன், எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. மாமா இனி எழுதுவதில்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் பள்ளிக் கமிட்டி அவருக்கு அந்த வருஷத்தோடு கெடு வைத்திருந்தது. மூன்றாம் தடவையும் தவறிவிட்டால் என் முகத்தில் எப்படி விழிப்பது என்று அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டு, பெங்களூர் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

விடைத்தாள்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அன்று பகல் பத்துப் பதினைந்து தாள்கள் திருத்திக் கை ஓய்ந்திருந்தது. ஒரு கேள்வி, பூமிக்குள் சூடு ஏறும் விகிதத்தைச் சொல்லி, ஓர் ஆழமான சுரங்கத்தின் அடியில் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடச் சொன்னது. பத்து மார்க். எல்லாரும் புத்தகக் கணக்கை எழுதி, பெருக்கி, கூட்டி, ஒரே விடையைக் கொண்டுவந்திருந்தார்கள். அடுத்த தாளில் நாலு பக்கத்துக்கு விடை இருந்தது. நூல்கள் இன்னபடி சொல்கின்றன, ஆனால் கோலார் தங்கவயலில் இந்தப் பரீட்சார்த்தி தாமே பாறையில் அளந்து பார்த்ததில் அப்படி இல்லை, ஆகவே கண்ட கணக்கின்படியே செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் அடக்கமாக எழுதி, மூன்று பத்தியாகக் கட்டம் கட்டி எண்களைப் போட்டிருந்தது. ஏழுகளின் இடுப்பில் குறுக்குக் கோடு. கோடு இல்லாமல் இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கு அன்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. தலைமைப் பரீட்சகரின் அறை அதே தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு போய், ஐயா, இது என் அக்காள் கணவருடையது, நான் தொடக் கூடாது, ஆனால் இந்த விடை சரி, அதற்கு ஆதாரம் என் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போகவும் செய்தேன். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். யாருமில்லை என்று கையெழுத்துப் போட்டீரே என்பார். பாடப்புத்தகம் தப்பு என்கிறீர், அதை இத்தனை நாள் யாரிடம் சொன்னீர் என்பார். மச்சான்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி எழுதிய விடை என்று வெளியே பேச்சு வரும். இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

திரும்பி வந்தும் வேறு வழி இருந்தது. முறைக்குப் பாதி மார்க் போட்டிருக்கலாம், வேறு பையனாக இருந்திருந்தால் போட்டிருப்பேன். ஆனால் சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று என் மனசாட்சிகூடச் சொல்லிவிடக் கூடாது என்ற ஒரு வீம்பு வந்துவிட்டது. விடைக் குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் விடை. நாலு பக்கத்தையும் நீலப் பென்சிலால் குறுக்கே அடித்துப் பூஜ்யம் போட்டேன். மேஸ்திரியாவது வாத்தியார் மேல் வைத்த அன்பால் புத்தகத்தை மெய்யாக்கினார். நான் பயத்தால் மெய்யாக்கினேன். கூட்டிப் பார்த்தபோது அந்தத் தாள் தேறுவதற்கு நாலு மார்க் குறைந்தது. இரண்டு தடவை கூட்டினேன், நாலுதான்.

பரீட்சை முடிவு வந்த கெஜட்டில் அவருடைய எண் வரவில்லை. அக்கா கடிதம் எழுதினாள், உன்னிடம் சொல்ல வேண்டாமென்றார், நான்தான் தாங்காமல் எழுதுகிறேன், இந்தத் தடவை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்லிச் சந்தோஷமாக வந்தார், என்ன ஆயிற்றோ தெரியவில்லை என்று. மாமா எழுதினார் என்பதே எனக்குத் தெரியாதே என்று பதில் போட்டேன். அந்த வரியை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

பள்ளிக்குப் புதிய தலைமை ஆசிரியர் வந்தார். இருபத்து நாலு வயசு, என்னிடமே படித்தவர், என் நோட்டை மனப்பாடம் செய்து முதல் வகுப்பில் தேறியவர். தெர்மாமீட்டரைக் கையால் தொட்டிருப்பாரா என்பது சந்தேகம். மாமா ஸ்டேஷனுக்குப் போய் அவரை அழைத்து வந்து, ஓட்டு வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு, அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்கெலட்டன் என்ற பகுதியில், மூங்கில் தட்டியே சுவராக இருந்த ஒரு தட்டி வீட்டுக்குக் குடிபோனார். தகரக் கூரை, மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேட்டிலிருந்து காற்றடித்தால் சோற்றுப் பானைவரை வெள்ளைத் தூசு வரும். அக்காவின் இருமல் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஆனால் திங்கட்கிழமைக் கார்டு நிற்கவில்லை. இனி வேண்டாம் மாமா என்று நான் எழுதியும் கேட்கவில்லை. புது லெவல் வெட்டியிருக்கிறார்கள், பாதியில் விட முடியுமா என்று எழுதினார். அப்புறமும் இரண்டு வருஷம் அந்த மனிதர் பாடிக்கொண்டே கூண்டில் இறங்கினார்.

அதன் பிறகுதான் நான் கட்டுரையை அச்சில் போட்டேன். குற்ற உணர்ச்சிதான் என்னைத் தள்ளியது. அதில் மாமாவின் பெயரை அடிக்குறிப்பில் நன்றியோடு சேர்த்திருந்தேன். அடிக்குறிப்பில்தான். தலைமைப் பரீட்சகர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். இப்படி ஆராய்ச்சி செய்பவர்தான் பாடம் சொல்ல வேண்டும் என்று நாலு பேருக்கு நடுவில் சொன்னார். மறு வருஷம் விடைக் குறிப்பிலேயே, கோலார்க் கணக்கை எழுதியிருந்தாலும் முழு மார்க் தரலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. நான் இளமையில் ஆசைப்பட்டது எல்லாம் நடந்துவிட்டது.

கட்டுரை அச்சான வருஷமே, அதன் பிரதியை எடுத்துக்கொண்டு கோடையில் தங்கவயலுக்குப் போனேன். அன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ரயிலில் முழுக்கத் தீர்மானித்திருந்தேன். மாமா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு படித்தார். தூரத்தில் மில்லில் கல் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அட்டவணைகள் வந்ததும் ஒவ்வொரு எண்ணையும் தம் நோட்டுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. அடிக்குறிப்பைப் படித்தபோது அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"மச்சான், அப்ப நான் பரீட்சைல எழுதுனது சரிதானே?" என்றார்.

"சரிதான் மாமா," என்றேன்.

"அதான் பார்த்தேன். முழுசும் தப்பாப் போயிட்டேனோன்னு மனசுல ஒரு இது இருந்துக்கினே இருந்திச்சு."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. சரியா எழுதுனதுக்கு மார்க் போடாத பாவி எவன், அவன் கை விளங்குமா என்று ஆரம்பித்தாள். மாமா கையமர்த்தினார். "சும்மா இரு. அந்த ஆளை இன்னாத்துக்குத் திட்றே? பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? அப்ப இது எங்கேயும் அச்சுல இல்ல. தெரிஞ்சிருந்தா போட்டிருப்பாரு. தெரியாம செஞ்சவர் மேல கோவிச்சுக்கினா அது நியாயமா?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "இன்னா மச்சான், நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. அக்கா கையில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். சரிதான் மாமா என்று இரண்டாம் தடவையும் சொன்னேன்.

அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. போன தையில் அக்காவும் போய்விட்டாள். அவள் இருந்தவரை இதை எழுதவில்லை என்பதைப் பார்த்தே என் தைரியம் எவ்வளவு என்று வாசகர்கள் தெரிந்துகொள்ளலாம். ஓய்வு பெறும்வரை வருஷாவருஷம் அந்தப் பாடத்தை நடத்தினேன். பையன்கள் கோலார்க் கணக்கை ஒரே வரியில் எழுதுவார்கள், பலருக்குக் கோலார் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடத் தெரியாது. ஒவ்வொருவனுக்கும் பத்துக்குப் பத்து போட்டேன். ஆராய்ச்சியையும் பாடத்தையும் ஒன்றாக இணைத்தவர் என்று பிரிவுபசாரத்தில் என்னைப் புகழ்ந்து பேசியபோது எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு அசதி.

அந்த ஆளுக்குத் தெரியும், மாமா. உங்களைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.